அடியாத நாயும் படியும்

வளர்ப்பு நாயைப் பயமுறுத்திப் பழக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கு விலை கொடுப்பது யார்?

‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழி மாட்டைப் பற்றியது. நாம் இன்று அதை அதிகம் கடைப்பிடிப்பது நாய் விஷயத்தில்தான். கூடத்தில் சிறுநீர் கழித்த குட்டியின் மூக்கை அந்த ஈரத்திலேயே தேய்க்கிறோம். செருப்பைக் கடித்தால் சுருட்டிய செய்தித்தாளால் ஒரு போடு. உறுமினால் பிடரியைப் பிடித்துத் தரையோடு ஓர் அழுத்து. தெருவில் முந்திக்கொண்டு இழுத்தால் சோக் செயினில் ஒரு சுண்டு. இதையெல்லாம் செய்கிறவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். நாய்க்கு வேளாவேளைக்குச் சோறு வைப்பதும், தவறாமல் தடுப்பூசி போடுவதும் அவர்களேதான். கண்டிப்பு தளர்ந்தால் நாய் தலைக்குமேல் ஏறிவிடும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குள் இரண்டு கருத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வீட்டில் யார் பெரியவர் என்ற போட்டியில் நாய் இறங்குகிறது என்பது ஒன்று. பயம் இருந்தால்தான் அது கற்றுக்கொள்ளும் என்பது மற்றொன்று. முதல் கருத்தை, அது பரவக் காரணமாக இருந்த ஆய்வாளரே கைவிட்டுவிட்டார். இரண்டாவது பாதி உண்மை என்பதால் ஆபத்து அதிலேதான் அதிகம். தண்டனையால் நாயின் ஒரு செயலை நிறுத்த முடியும். அந்தச் செயலுக்குப் பின்னால் இருக்கும் பயத்தை நிறுத்த முடியாது. பல வேளைகளில் தண்டனை அதை வளர்த்துவிடுகிறது. ஆகவே அடிக்காமல் பழக்குவதை நாய்மேல் காட்டும் இரக்கம் என்று மட்டும் பார்க்கக் கூடாது. அந்த வீட்டுக் குழந்தையும், வாசலுக்கு வரும் கூரியர் பையனும் கடிபடாமல் இருப்பதற்கான வழியும் அதுதான்.

அடைப்பில் பிறந்த கோட்பாடு

தலைமைப் போட்டிக் கதை சுவிட்சர்லாந்தின் பாசெல் உயிரியல் பூங்காவில் தொடங்குகிறது. அங்கே அடைப்பில் இருந்த ஓநாய்களைக் கவனித்த ருடால்ஃப் ஷெங்கல், 1947-இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஓநாய்கள் ஒன்றையொன்று மிரட்டியும் மோதியும் மேல்நிலையைப் பிடிக்கின்றன என்பது அவர் கண்டது. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய நூல், ‘ஆல்ஃபா’ ஓநாய் என்ற கருத்தை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. நாய் ஓநாயின் வழிவந்தது, ஆகவே நாய்க்கும் ஓர் ஆல்ஃபா வேண்டும், அந்த இடத்தை வீட்டுக்காரர் பிடிக்காவிட்டால் நாய் பிடித்துக்கொள்ளும் என்று பயிற்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் உள்ள நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978-இல் வெளியிட்ட பயிற்சி நூலால், நாயை மல்லாக்கப் புரட்டி அழுத்திப் பிடிக்கும் ‘ஆல்ஃபா ரோல்’ பிரபலமானது.

கோட்பாட்டின் ஓட்டை அதன் தொடக்கத்திலேயே இருந்தது. தப்பிப் போக வழியில்லாமல் ஒரே அடைப்பில் சேர்த்து வைக்கப்பட்ட ஓநாய்கள் எப்படி நடந்துகொண்டன என்பதைத்தான் ஷெங்கலால் பார்க்க முடிந்தது. மெக் 1986 முதல் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில், கோடைதோறும் காட்டு ஓநாய்களை அருகிலிருந்து கவனித்தார். அங்கே கூட்டம் என்பது ஒரு குடும்பம்: தாய், தந்தை, இரண்டு மூன்று ஈற்றுக் குட்டிகள். குட்டிகள் வளர்ந்ததும் துணை தேடிப் பிரிந்து போய்விடுகின்றன. பெற்றோர் வழிநடத்துகின்றன, பிள்ளைகள் பின்தொடர்கின்றன; பட்டத்துக்கான சண்டைக்கே அங்கு இடமில்லை. இதை 1999-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதிய மெக், தம் பழைய நூலை அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தைப் பலமுறை கேட்டுக்கொண்டார். 2022-இல் அது நின்றது. நியூ ஸ்கீட் துறவிகளும் 2002-இல் வந்த திருத்திய பதிப்பில் ஆல்ஃபா ரோலைக் கைவிட்டார்கள். மூலவர்கள் விட்டுவிட்ட ஒன்றை நம் ஊர்ப் பயிற்சி மைதானங்களில் இன்னமும் பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சோபாவில் ஏறும் நாய்க்கு வேண்டியது மெத்தென்ற இடம். வாசலில் முந்திப் பாயும் நாய்க்கு வெளியே போகும் அவசரம். இரண்டிலும் ஆட்சியைக் கவிழ்க்கும் திட்டம் எதுவும் இல்லை.

அது குற்றவாளியின் முகமா?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ‘நாய்க்குத் தான் செய்தது தப்பு என்று நன்றாகத் தெரியும். கிழித்த தலையணையைக் காட்டிப் பாருங்கள், எப்படித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பதுங்குகிறது!’ கேட்கச் சரியாகத்தான் தோன்றுகிறது. அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார். 14 நாய்கள். தின்பண்டத்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியேறுவார். திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்று ஆய்வாளர் சொல்வார். சில முறை வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார். தின்ற நாயும் தின்னாத நாயும் ‘குற்ற முகம்’ காட்டுவதில் வேறுபடவில்லை. அந்த முகம் அதிகமாக வந்தது, உரிமையாளர் திட்டியபோது. ஒரு பாவமும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது.

பதுங்கிய உடல், விலகிய பார்வை, தாழ்ந்த வால், உதட்டை நக்குதல் எல்லாம் எதிரே நிற்பவரின் கோபத்தைத் தணிக்க நாய் செய்யும் சமாதான முயற்சி என்பதே இதிலிருந்து தெரிகிறது. நாய் நம் முகத்தையும் குரலையும் படிக்கிறது. தலையணையையும் காலை பத்து மணிக்கு நடந்ததையும் இணைத்துப் படிப்பதில்லை. மாலையில் வீடு திரும்பி அடிப்பவரிடமிருந்து அது கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இவர் உள்ளே வரும் நேரம் ஆபத்தான நேரம். வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்த நாய், சில வாரங்களில் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிவது இப்படித்தான்.

இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில்

நாய் கற்பதற்கு அடிப்படையாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்றை உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் விளக்கினார்: இனிய விளைவு தந்த செயலை விலங்கு மீண்டும் செய்யும், தராத செயல் தேயும். பின்னாளில் மற்றோர் உளவியலாளரான ஸ்கின்னர் அதை விரிவான அறிவியலாக வளர்த்தார். மற்றொன்று, செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் காட்டியது. உணவு வரும்போதெல்லாம் ஒரு சைகையும் சேர்ந்து வந்தால், பிறகு சைகைக்கே எச்சில் ஊறும். முதல் வழியில் நாய் எதைச் செய்யலாம் என்று கற்கிறது. இரண்டாம் வழியில் எது நல்லது, எது கெட்டது என்ற உணர்வைச் சேர்த்துக்கொள்கிறது. பயிற்சி தரும்போது இவை இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பதைத்தான் அடிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தெருவில் சைக்கிளில் வரும் சிறுவனைப் பார்த்து நாய் குரைக்கிறது. உரிமையாளர் சோக் செயினை இழுக்கிறார். குரைத்தால் வலிக்கும் என்ற பாடம் போய்ச் சேர்ந்ததாக அவர் நினைக்கிறார். சேர்ந்திருக்கலாம். கூடவே, சிறுவன் வந்தால் கழுத்து வலிக்கும் என்ற பாடமும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. முன்பு சிறுவனைக் கண்டு லேசாகத் தயங்கிய நாய்க்கு அவனை வெறுக்க இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நாம் கவனிக்காத பாடங்களும் நாள்தோறும் நடக்கின்றன. கூரியர் பையன் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் தன் வழியில் போகிறான். கேட்டுக்குப் பின்னால் குரைத்துக்கொண்டிருந்த நாயின் கணக்கு வேறு: நான் குரைத்தேன், அவன் ஓடிப் போனான். தினமும் வெற்றி பெறும் நாய் நாளை குரலை இன்னும் உயர்த்துவது இயல்பே.

அப்படியானால் தண்டனை ஏன் இத்தனை தலைமுறையாக நீடிக்கிறது? அதே கற்றல் விதி மனிதருக்கும் பொருந்துவதால்தான். கத்தினோம், நாய் அந்தக் கணத்தில் அடங்கியது. எரிச்சல் நீங்கிய நிம்மதி நமக்கு உடனே கிடைக்கிறது. மறுநாள் நாய் மீண்டும் குரைக்கும்போது கை தானாக ஓங்குகிறது. அடி நாயைத் திருத்தவில்லை என்பதற்கு, அதே தவறுக்கு மாதக்கணக்கில் அடித்துக்கொண்டே இருப்பதைவிட வேறு சான்று தேவையில்லை.

உறுமல் ஓர் அறிவிப்பு

‘திடீரென்று கடித்துவிட்டது’ என்று சொல்லப்படும் பல சம்பவங்களில் நாய் அதற்கு முன்பே பேசியிருக்கும், கேட்க ஆளில்லை. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, எதுவும் தின்னாதபோது உதட்டை நக்குதல், தலையை வேறு பக்கம் திருப்புதல், கண்ணின் வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்த்தல், உடல் கட்டையாக விறைத்தல் என்று அந்தப் பேச்சு படிப்படியாக ஏறுகிறது. வாலாட்டினால் மகிழ்ச்சி என்ற பொதுக் கருத்துகூட முழு உண்மை இல்லை. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் 30 நாய்களை ஆராய்ந்தபோது, உரிமையாளரைக் கண்டால் வால் வலப்பக்கம் அதிகமாகச் சாய்ந்து ஆடியது; முன்பின் அறியாத மிரட்டலான நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது. விறைத்து உயர்ந்த வாலின் சிறு அதிர்வு எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

இந்த ஏணியின் மேல்படிகளில் ஒன்று உறுமல். தின்னும் நாயின் தட்டருகே குழந்தை தவழ்ந்து போகிறது, நாய் உறுமுகிறது, பெரியவர் ஓடிவந்து நாயை அறைகிறார். அடுத்த சில முறை நாய் உறுமாமல் இருக்கலாம். வீட்டார் நாய் திருந்திவிட்டது என்று மகிழலாம். தட்டு பறிபோகும் என்ற பயம் அங்கேயே இருக்கிறது. குழந்தை வந்தால் அறையும் விழும் என்ற பயம் அதோடு சேர்ந்துவிட்டது. காணாமல் போனது எச்சரிக்கை மட்டும்தான். ஒரு நாள் பொறுமை எல்லை கடக்கும்போது, முன்னறிவிப்பு இல்லாத கடியாக அது வெளிப்படும். உறுமல் கேட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகுவதே அந்த நேரத்துக்குச் சரி. அதன்பின் நாய்க்குத் தனியிடத்தில் உணவு வைத்து, மனிதர் அருகே வந்தால் தட்டில் இன்னும் நல்ல துண்டு விழும் என்று மெல்லப் பழக்க வேண்டும். நாய் ஏற்கெனவே கடித்திருந்தால் இதை வீட்டில் முயலாமல் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். உடல்வலியால் கடிக்கும் நாய்களும் உண்டு.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2009-இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். நடத்தைச் சிக்கலுக்காக நாயைக் கொண்டுவந்த 140 உரிமையாளர்களிடம், எந்த முறையைக் கையாண்டீர்கள், நாய் எப்படி எதிர்வினை காட்டியது என்று கேட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரின் நாய்கள் அவர்கள்மீதே பாய முற்பட்டன. வாயிலிருந்து பொருளைப் பலவந்தமாகப் பிடுங்கியவர்களுக்கு 39 சதவீதம், ஆல்ஃபா ரோல் செய்தவர்களுக்கு 31 சதவீதம், முறைத்துப் பார்த்தவர்களுக்கே 30 சதவீதம். ஏற்கெனவே முரட்டு நாய்களை வைத்திருந்தவர்கள்தானே அடித்திருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் முரடாக இருந்தால் அந்த அடியே அடுத்த பாய்ச்சலைத் தூண்டியது என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. முரட்டு நாய்க்குத்தான் இந்த முறை சற்றும் ஒவ்வாது.

போர்ச்சுக்கலில் 92 வீட்டு நாய்களைக் கவனித்த ஆய்வு 2020-இல் வெளியானது. தண்டனையை அதிகம் கையாண்ட பயிற்சிப் பள்ளிகளின் நாய்களிடம் வகுப்பு முடிந்தபின் மன அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. உணவு இருக்குமா இருக்காதா என்று உறுதியில்லாத கிண்ணத்தை அணுகவும் அவை அதிகம் தயங்கின. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகக் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கூப்பிட்டால் வராத, ஆடுகளைத் துரத்தும் 63 நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். அதில் ஒரு குழுவுக்கு ஷாக் காலர். மின்னதிர்ச்சி பெற்ற நாய்கள் மற்றவற்றைவிட நன்றாகக் கற்றதாகத் தெரியவில்லை. பதற்றத்தின் அடையாளங்கள் மட்டும் அவற்றிடம் கூடுதல். ஷாக் காலரை வேல்ஸ் 2010-லேயே தடை செய்துவிட்டது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் மறைக்க வேண்டியதில்லை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் 19 நாய்களை வைத்து, ஓடும் பொம்மையைத் துரத்துவதை நிறுத்தச் செய்தார்கள். ஷாக் காலர் அணிந்தவை விரைவில் நிறுத்தின. உணவு கொடுத்துப் பழக்கியவை நிறுத்தவில்லை. தண்டனையால் ஒரு செயலைச் சட்டென நிறுத்த முடியும் என்பதற்கு இது சான்று. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சில நாள் பயிற்சியில், தேர்ந்த கைகளில், ஒரே ஒரு செயலுக்குக் கிடைத்த பலன் இது. அதிர்ச்சி விழுந்தபோது அந்த நாய்கள் வலியில் கத்தின. வீட்டில் நாம் எதிர்கொள்ளும் குரைப்பு, உறுமல், பயம், தனிமைப் பதற்றம் ஆகியவை பொம்மை துரத்தும் உற்சாகத்தைப் போன்றவை அல்ல. அவற்றில் பெரும்பங்கு ஏற்கெனவே அச்சத்தில் வேர் பிடித்தவை. அங்கே வலியைச் சேர்ப்பது எரியும் இடத்தில் எண்ணெய் விடுவதாகவே முடியும்.

லஞ்சம், காவல், ரத்தம்

அடிக்காத முறைக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம், பிஸ்கட் கொடுத்துப் பழக்கினால் பிஸ்கட் இருந்தால்தான் கேட்கும் என்பது. வேலைக்கு முன்பே பிஸ்கட்டை ஆட்டிக் காட்டினால் அப்படித்தான் ஆகும். சொன்னதைச் செய்தபின் கொடுப்பது கூலி. முதலில் ஒவ்வொரு முறையும், பழகியபின் எப்போதாவது, பிறகு உணவுக்குப் பதில் பந்து, கதவு திறத்தல், வெளியே போதல் என்று கூலியை மாற்றிக்கொண்டே போகலாம். இரண்டாவது வாதம், காவல்துறை நாய்களை இப்படிக் கொஞ்சியா பழக்குகிறார்கள் என்பது. காவல் நாய்ப் பயிற்சியின் பழைய பாடநூல், ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட் 1910-இல் எழுதியது. கட்டாயமும் வலியும் அதில் நிறைய உண்டு. ஆனால் வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் நாயை அடித்துத் தேட வைக்க முடியாது. கண்டுபிடித்தால் பந்து விளையாடலாம் என்ற ஆசைதான் அதை மணிக்கணக்கில் தேடச் செய்கிறது. பெல்ஜிய ராணுவ நாய்களைப் பற்றிய 2008 ஆய்வில், செயல்திறன் குறைந்த இணைகளில்தான் நாய்கள் அதிகம் தண்டிக்கப்பட்டன. டால்ஃபினுக்குச் சங்கிலி போட முடியாது; அடித்தால் நீந்திப் போய்விடும். ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கிய கேரன் பிரையர், வெகுமதி முறையை 1984-இல் எழுதிய நூலின் வழியே நாய் வளர்ப்பவர்களிடம் கொண்டுவந்தார். தப்பி ஓட முடியாத விலங்கிடம்தான் அடி ‘வேலை செய்வதாக’ நமக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது வாதம் ரத்தத்தைப் பற்றியது. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்த இனங்கள், அவற்றுக்கு இரும்புக் கை வேண்டும் என்பார்கள். இனத்துக்கென்று சில நாட்டங்கள் உண்டு. ஓடுவதைத் துரத்தும் வேட்டை நாயின் துடிப்பைப் பயிற்சியால் அழித்துவிட முடியாது. ஆனால் அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் தகவல் திரட்டி, 2,000-க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் ஆராய்ந்து 2022-இல் வந்த பேராய்வு, தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனத்தால் விளக்க முடிந்தது என்கிறது. எளிதில் எரிச்சலடையும் தன்மையை இனத்தை வைத்துக் கணிப்பது கிட்டத்தட்ட வீண். காவல் நாய் முரடாவதற்கு நம் ஊரில் ரத்தத்தைவிடச் சங்கிலி பெரிய காரணமாக இருக்கலாம். நாளெல்லாம் கட்டிக் கிடக்கும் நாயால் பயமுறுத்துவதிலிருந்து விலகிப் போக முடியாது. மிச்சமிருக்கும் ஒரே வழி எதிர்த்துப் பாய்வது. நியாயமற்ற நேரத்துக்குக் கட்டிப் போடுவதும், வழக்கமாகக் கட்டி வைக்கும் நாயை நடத்திக் கூட்டிச் செல்லாமல் இருப்பதும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம்.

பழகாத நாயிடமும் மனிதரைப் படிக்கும் திறன் உண்டு என்பதற்குச் சான்று நம் தெருக்களிலேயே இருக்கிறது. கொல்கத்தாவின் அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ராவின் குழு, எந்தப் பயிற்சியும் பெறாத 160 தெருநாய்களுக்கு முன்னால் கிண்ணங்களை வைத்து ஒன்றைச் சுட்டிக் காட்டியது. ஏறக்குறையப் பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம் விரல் காட்டிய கிண்ணத்துக்கே போயின. 2020-இல் வெளியான இந்த ஆய்வின் இரு பகுதிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். புரிந்துகொள்ளும் திறன் நாயிடம் உண்டு. கிட்டவே வராத நாய்களோ பெரும்பாலும் மனிதரைக் கண்டு பதற்றமடைந்தவை.

அடிக்குப் பதில் என்ன?

முதல் வேலை வயதைக் கவனிப்பது. ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965-இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வு, சுமார் 3 வாரத்திலிருந்து 12 வாரம் வரை குட்டிகள் உலகத்தோடு பழகும் பருவம் என்று காட்டியது. தாயிடமிருந்து மிக விரைவில் பிரிக்கக் கூடாது. 2017-இல் வந்த மத்திய விதிகள் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதைத் தடுக்கின்றன. பார்வோ நோய்க்கு அஞ்சி, தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பவர்கள் அந்தப் பருவத்தை முழுக்கத் தவறவிடுகிறார்கள். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனபின், தரையில் விடாமல் கையில் ஏந்தியே சந்தை இரைச்சல், ஆட்டோ, பள்ளிப் பிள்ளைகள், தலைக்கவசம் அணிந்தவர் என்று காட்டிப் பழக்கலாம். பட்டாசுச் சத்தத்தை மெல்லிய ஒலியில் போட்டு, கூடவே பிடித்த உணவைக் கொடுத்து, தீபாவளிக்குப் பல வாரங்கள் முன்பே பழக்கத் தொடங்கலாம். பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்பது கட்டுக்கதை. ஆறுதலால் பயம் அதிகமாவதில்லை.

இரண்டாவது, தவறு நடக்க வாய்ப்பே தராமல் சரியானதற்குக் கூலி தருவது. குட்டி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப் போய், அங்கே கழித்த அடுத்த கணமே கொடுத்தால் பாடம் பதியும். உள்ளே வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கூலி என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். மேலே தாவும் நாய்க்கு முகம் காட்டாமல் நின்று, நான்கு காலும் தரையில் பட்டதும் கொஞ்ச வேண்டும். முதல் சில நாள் தாவல் இன்னும் கூடும். அங்கே மனம் தளர்ந்து கவனித்துவிட்டால் அதிகம் தாவினால் பலன் உண்டு என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். இது எல்லை வகுக்காத செல்லம் அல்ல. செருப்பை அலமாரியில் வைத்துப் பூட்டுவதும் கூரியர் வரும் நேரத்தில் நாயை வேறு அறையில் விடுவதும் எல்லைகள்தான். வலி இல்லாத எல்லைகள்.

மூன்றாவது, பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது. இனப்பெருக்கம் செய்து விற்பவர்களைக் கட்டுப்படுத்தும் 2017 விதிகள் பயிற்சியாளருக்கு எந்தத் தகுதியையும் கேட்கவில்லை. பெயர்ப்பலகை வைத்தவர் எல்லாரும் பயிற்சியாளர்தான். ஆகவே சோதிக்கும் பொறுப்பு பணம் கொடுப்பவரிடம் இருக்கிறது. என் நாய் சரியாகச் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும், தவறு செய்தால் அதற்கு என்ன நேரும் என்ற இரண்டையும் நேராகக் கேட்க வேண்டும். பயிற்சியின்போது உடனிருக்க அனுமதிக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். ‘அதெல்லாம் எங்களிடம் விட்டுவிடுங்கள்’ என்று சொல்பவரிடம் நாயை விடக் கூடாது. அடங்கிக் கிடக்கும் நாயை அங்கிருந்து நீங்கள் திரும்பப் பெறலாம். ஆனால் அந்த அடக்கம் கற்றதால் வந்ததா, அஞ்சியதால் வந்ததா என்று அன்று பார்த்தால் தெரியாது. அஞ்சியதால் வந்திருந்தால், அதை முதலில் அறிபவர் பயிற்சியாளராக இருக்கமாட்டார். அந்த நாயைக் கட்டிப்பிடிக்க ஓடும் உங்கள் வீட்டுக் குழந்தையாக இருக்கும்.